சொல்லோடு வந்த எழுத்து

எல்லாரும் சிரித்து ஓய்ந்த பிறகுதான் அக்கா சிரிப்பாள். காது கேட்காத அவளுக்கு, பக்கத்தில் இருப்பவர் யாராவது திரும்பி, வாயை நிதானமாக அசைத்து, எதற்காகச் சிரித்தார்கள் என்று சொல்லியாக வேண்டும். அதற்குள் பேச்சு வேறு எங்கோ போயிருக்கும். அவள் மட்டும் தனியாகச் சிரிப்பாள். சிரித்துவிட்டு, தப்பான இடத்தில் சிரித்துவிட்டோமோ என்று ஒரு முறை சுற்றிலும் பார்ப்பாள். அந்தப் பார்வையைத்தான் தங்கையால் தாங்க முடிவதில்லை.

தங்கை ஒரு கல்லூரியின் சர்வர் அறைக்குப் பொறுப்பாளர். அக்கா மகள் அதே கல்லூரியில் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்த முதல் நாள், சர்வர் அறை வாசலில் நின்று "சித்தி!" என்று வளாகமே திரும்பிப் பார்க்கும்படி கூப்பிட்டாள். அன்றோடு ஒட்டிக்கொண்டது அந்தப் பேர். இப்போது ஓய்வுபெறப் போகும் பேராசிரியர்கள்கூட, "சித்தி, என் மெயில் திறக்க மாட்டேங்குது" என்றுதான் போன் செய்கிறார்கள்.

அந்த மகளுக்கு நாளைப் பிற்பகல் வைவா. ஐந்து வருட ஆராய்ச்சியை ஊரறியச் சொல்லி, கேள்விகளுக்குப் பதில் சொல்லி, டாக்டர் பட்டம் வாங்கும் நாள். யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், கேள்வியும் கேட்கலாம். அக்கா முதல் வரிசையில் உட்காரப் போகிறாள். மகளுக்கு நாலு வயதாக இருக்கும்போது ஒரு காய்ச்சல் வந்து அக்காவின் காதைக் கொண்டுபோயிற்று. மழலைக்குப் பிறகு மகள் பேசிய எதையும் அவள் கேட்டதில்லை. மகள் தினமும் சாயங்காலம் எதிரே உட்கார்ந்து, அன்றைய நாளை முழுவதும் மெதுவாக, உதடு தெரியும்படி சொல்வாள். எவ்வளவு அலுப்பாக இருந்தாலும் ஒரு நாளும் விட்டதில்லை. ஆனால் அது நடந்து முடிந்த கதை. நடந்துகொண்டிருக்கும்போதே அக்காவுக்கு எதுவும் கிடைத்ததில்லை.

நாளைக்கு ஒரு தடவையாவது அது கிடைக்க வேண்டும் என்பதுதான் சித்தியின் ஆசை.

அதற்கு வழியும் இருந்தது. காது கேளாத மாணவர்களுக்காக, மைக்கில் பேசுவதை அப்படியே திரையில் எழுத்தாக்கும் ஏற்பாடு ஒன்றைக் கருத்தரங்கு அறையில் செய்திருந்தாள். மைக்கின் குரல் கம்பி வழியே சர்வர் அறைக்குப் போகும். அங்கே புதிதாக வாங்கிய பெரிய சர்வர் அதைக் கேட்டு எழுதி அனுப்பும். இதுவரை சின்னச் சின்ன அறிவிப்புகளுக்குத்தான் அது பயன்பட்டிருந்தது. ஒரு குறையும் வந்ததில்லை.

அன்று சாயங்காலம் ஒத்திகைக்கு அக்காவை அழைத்து வந்து முதல் வரிசையில், சின்னத் திரைக்கு எதிரே உட்கார வைத்தாள். மைக்கைப் பிடித்தவர் அவளோடு வேலை பார்க்கும் நெட்வொர்க்காரர். ரகசியம் சொன்னால்கூட மூன்றாவது மாடிக்குக் கேட்கும் என்பதால் அவருக்கு வால்யூம் என்று பெயர்.

"மைக் எதுக்குங்க உங்களுக்கு?" என்றாள் சித்தி.

"மெஷினுக்கும் காது இருக்குல்ல, பாவம். மைக் இல்லாம நான் கத்தினா கிழிஞ்சிடும்" என்றார் வால்யூம். திரையில் அது உடனே எழுத்தாக வந்தது. அக்கா கைதட்டினாள்.

பிறகு அவர் மகளின் ஆராய்ச்சிச் சுருக்கத்தை வாசிக்கத் தொடங்கினார். முதல் சில வரிகள் குரலோடு சேர்ந்து வந்தன. ஒரு பக்கம் முடிந்தபோது எழுத்து ஒரு வாக்கியம் பின்தங்கியிருந்தது. இரண்டாம் பக்கத்தில் மூன்று வாக்கியம். அவர் வாசித்து முடித்து, தண்ணீர் குடித்து, தொண்டையைச் செருமிக்கொண்ட பிறகும் திரை எழுதிக்கொண்டே இருந்தது.

சித்தி அக்காவின் முகத்தைப் பார்த்தாள். அக்கா சிரித்தபடி, "நல்லாத்தானே வருது? இவ்வளவு போதும்டி எனக்கு. நீ மெனக்கெடாதே" என்றாள். பிறர் மனம் நோகாமல் இருக்க அவள் வாழ்நாள் முழுவதும் சொல்லிப் பழகிய வார்த்தை அது.

அக்காவை வீட்டுக்கு அனுப்பிவிட்டு இருவரும் சர்வர் அறைக்குப் போனார்கள்.

"மெஷின் மெதுவா? இவ்வளவு பெரிய மெஷினா?" என்றார் வால்யூம்.

சித்தி அளந்து பார்த்தாள். ஒரு நிமிடப் பேச்சை எழுத சர்வருக்கு ஒரு நிமிடமும் இன்னும் கொஞ்சமும் ஆகியது. அந்தக் கொஞ்சம்தான் வினை. பெரியவர் பின்னாலேயே நடக்கும் குழந்தை ஒவ்வொரு எட்டிலும் துளி பின்தங்குவதைப் போல, பேச்சு நீள நீள எழுத்து பின்னால் போனது. அறிவிப்புகள் நாலு வரி என்பதால் யாருக்கும் தெரியவில்லை. மேடைப் பேச்சு என்றதும் குட்டு வெளிப்பட்டுவிட்டது.

அந்தச் சர்வருக்குள் இரண்டு புராசஸர்கள். எதையும் கணக்கிடுவது அவைதான். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதற்கே உரிய ராம் அட்டைகள் வரிசையாகச் செருகப்பட்டிருக்கும். வேலை செய்யும்போது வேண்டியதை எடுத்து வைத்துக்கொள்ளும் நினைவு அது. தன் பக்கத்து ராமைத் தொடுவது ஒரு புராசஸருக்குக் கைக்கெட்டும் தூரம். அடுத்ததன் ராமிலிருந்து எடுப்பதற்கு நடுவிலுள்ள பாதையைக் கடந்து போய் வர வேண்டும். ஒரு புராசஸரும் அதன் ராமும் சேர்ந்து ஒரு வீடு என்று வைத்துக்கொண்டால், மெஷினை நடத்தும் ஆபரேட்டிங் சிஸ்டம் இரண்டு வீடுகளைக் காட்ட வேண்டும்.

சித்தி ஆணை கொடுத்துப் பார்த்தாள். திரை ஒரே ஒரு வீட்டைத்தான் காட்டியது.

அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. சர்வர் வந்த அன்று, மெஷின் எழும்போதே அதன் அடிப்படை அமைப்பைக் கேட்கும் பயாஸ் திரையில் ஒரு கேள்வி இருந்தது: ராமை இரண்டு புராசஸருக்கும் சரிசமமாகக் கலந்து பரப்பட்டுமா? எதையும் சமமாகப் பங்கிட வேண்டும் என்று நம்புகிறவள் அவள். வீட்டில் ஒரு மிட்டாய் வந்தாலும் எடைபோட்டதைப் போலப் பிரிப்பாள். சந்தோஷமாக ஆமாம் என்று வைத்திருந்தாள்.

"அட, சமபங்கு நல்லதுதானே?" என்றார் வால்யூம்.

"அண்ணே, உங்க வீட்டுச் சர்க்கரையில ஒரு கரண்டி உங்க வீட்டுல, அடுத்த கரண்டி எதிர்வீட்டுல, அதுக்கடுத்தது மறுபடி உங்க வீட்டுல. இப்படி வச்சா?"

"காபி ஆறிடும்."

"அதான் நடக்குது. ஒவ்வொரு வார்த்தைக்கும் பாதித் தடவை எதிர்வீட்டுக்கு ஓடுது. எல்லாருக்கும் சமமாக் குடுத்தேன். யாருக்கு எது பக்கத்துல வேணும்னு கேட்கவே இல்லையே நான்!"

மாற்றுவது எளிது. ஆனால் சர்வரை நிறுத்தித் திரும்ப எழுப்ப வேண்டும். அதே சர்வரில்தான் தேர்வு அலுவலகம் மதிப்பெண்களை ஏற்றிக்கொண்டிருந்தது. அங்கே தலைவராக இருந்தவரைக் கேட்காமல் நிறுத்த முடியாது; அவரோ அன்று வீட்டுக்குப் போய்விட்டிருந்தார். அவருக்குக் கறார் என்று பெயர். பெற்ற தாயே வந்தாலும் வரிசையில் நிற்கச் சொல்வார் என்பார்கள்.

மறுநாள் காலை அலுவலகம் திறந்ததும் சித்தி அவர் எதிரே போய் நின்றாள்.

"இன்னிக்கா? நல்லாக் கேட்டீங்க போங்க" என்றார் கறார். "கல்யாண வீட்டுல வந்து அடுப்பை அணைக்கச் சொல்ற மாதிரி இருக்கு. அடுத்த வாரம் பார்ப்போம்."

"அடுத்த வாரம் பிரயோஜனம் இல்ல சார். தப்பு என்னோடது. மெஷினை நான்தான் தப்பா அமைச்சிட்டேன். இன்னிக்கு மத்தியானம் எங்க அக்கா பொண்ணுக்கு வைவா. அக்காவுக்குக் காது கேட்காது. அந்தத் திரையில வந்தாத்தான் பொண்ணு பேசறது அவளுக்குத் தெரியும்."

கறார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு, அறையிலிருந்த எல்லாரையும் பார்த்துக் குரலை உயர்த்தினார். "எல்லாரும் சேவ் பண்ணிட்டு எழுந்திருங்க. கேன்டீனுக்குப் போறோம். காபி நான் வாங்கித் தர்றேன்."

ஒருவரும் அசையவில்லை.

"என்ன பார்க்கறீங்க? நான் மனுஷன் இல்லையா?"

நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. வெளியே போகும்போது ஒருவர் இன்னொருவரிடம், "சீக்கிரம் வாய்யா, மனசு மாறிடப் போறாரு" என்றார். கறார் வாசலில் திரும்பி நின்றார். "நிதானமாப் பண்ணுங்கம்மா. நாங்க மெதுவாவே குடிக்கறோம்."

சித்தி பயாஸ் திரைக்குப் போனாள். சமமாகப் பரப்பு என்பதை எடுத்தாள். அவரவர் நினைவு அவரவர் பக்கத்திலேயே இருக்கட்டும் என்று வைத்தாள். சர்வர் அணைந்து மறுபடி எழுந்தது. விசிறிகள் பேய்க்காற்றாகச் சுழன்றன. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது.

"என்னங்க, போயிடுச்சா?" என்றார் வால்யூம். விசிறிச் சத்தத்தில் அவர் குரலே மெலிந்துதான் கேட்டது.

"ராமைப் பழக்கிக்கிட்டு இருக்கு. பொறுங்க."

கறுப்புத் திரையைப் பார்த்தபடி நின்றாள். அந்த நேரத்தில் புராசஸர் ஒவ்வொரு ராம் அட்டையையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, நீ எவ்வளவு சீக்கிரம் பதில் சொல்வாய் என்று கேட்டுத் தெரிந்துகொள்கிறது என்பது அவளுக்குத் தெரியும். ஒளியே ஒரு சாண் நகர்வதற்குள் முடிந்துவிடும் சின்ன நேரங்களை அது அளந்து பார்க்கிறது. இரண்டும் ஒத்துப்போகும் வரை பொறுமையாகத் திரும்பத் திரும்பக் கேட்கிறது.

அதைவிடப் பெரிய அதிசயம் ஒன்று உண்டு. படித்த காலத்திலிருந்தே அவளை மலைக்க வைப்பது அதுதான். ராமுக்கு உண்மையில் ஞாபகசக்தி கிடையாது. அதில் எழுதப்படும் ஒவ்வொரு புள்ளியும் ஒரு துளி மின்சாரம். எழுதிய கணத்திலிருந்தே அது கசியத் தொடங்கிவிடும். ஒரு கண்சிமிட்டல் நேரம் கவனிக்காமல் விட்டால் எல்லாம் அழிந்து வெறுமையாகிவிடும். அதனால் யாரோ ஓயாமல் அதைப் படித்துப் படித்துத் திரும்ப எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். கோடானுகோடிப் புள்ளிகளை, ஒன்றைக்கூட விடாமல், நாம் இமை மூடித் திறப்பதற்குள். மறப்பதுதான் அதன் இயல்பு. அது நினைவில் வைத்திருக்கிறது என்றால், ஒருவர் விடாமல் நினைவூட்டுகிறார் என்று அர்த்தம்.

நம்மையும் அப்படித்தானே ஒருவன் தாங்கிக்கொண்டிருக்கிறான் என்று தோன்றியது அவளுக்கு. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே அவன் கவனம் பிசகினால் நாம் எங்கே? அவன் பிசகுவதில்லை. மெஷினுக்கு முன்னால் கைகூப்புவது வேடிக்கையாகத் தெரியும் என்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். மனதுக்குள் மட்டும், "ஆண்டவனே, என் தப்புக்கு அவளைக் காக்க வைக்காதே" என்றாள்.

திரை வெளுத்தது. எழுத்துகள் மடமடவென்று ஏறின. அவள் முதலில் கேட்டது ஒன்றைத்தான்: எத்தனை வீடு?

இரண்டு.

பேச்சை எழுத்தாக்கும் வேலைக்கு ஒரு புராசஸரையும் அதன் பக்கத்திலிருக்கும் ராமையும் ஒதுக்கினாள். மதிப்பெண், மாணவர்களின் கோப்புகள், மற்ற எல்லா வேலைகளையும் அடுத்த வீட்டுக்கு அனுப்பினாள். சர்வரை மறுபடி எப்போது எழுப்பினாலும் இது மாறாதபடி ஆபரேட்டிங் சிஸ்டத்தில் எழுதி வைத்தாள். பிறகு வால்யூம் மைக்கைப் பிடித்து, கையில் கிடைத்த செய்தித்தாளை முதல் பக்கத்திலிருந்து வாசித்தார். விளையாட்டுப் பக்கம் வரை எழுத்து அவர் நாக்கோடு ஒட்டிக்கொண்டே வந்தது.

"போதும் அண்ணே."

"இருங்க, ராசிபலன் இருக்கு."

பிற்பகலில் கருத்தரங்கு அறை நிறைந்துவிட்டது. மேடையில் இரண்டு தேர்வாளர்களும் தலைமை தாங்கும் பேராசிரியரும். அக்கா தன் நல்ல புடவையில், முதல் வரிசையில், மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு. சித்தி பின்வரிசையில், கருவிகள் இருந்த மேசையருகே நின்றாள்.

மகள் பேச எழுந்தாள். அவளுடைய ஆராய்ச்சி, மழைத்தண்ணீர் மண்ணுக்குள் எந்த வழியாக இறங்குகிறது என்பது. படபடப்பில் வேகமாகப் பேசினாள். வீட்டில் அம்மாவிடம் ஒருநாளும் பேசாத வேகம். எழுத்து அசராமல் கூடவே ஓடியது. அக்காவின் தலை முதலில் திரைக்கும் மகளுக்குமாகத் திரும்பிக்கொண்டிருந்தது. பிறகு மெல்ல நிதானப்பட்டது. மகளுடைய கையசைவும் அந்தச் சொல்லும் ஒரே நேரத்தில் வருகின்றன என்பதை நம்பத் தொடங்கிவிட்டாள்.

கேள்வி நேரம் வந்தது. தேர்வாளர் ஒருவர் படத்தைக் காட்டி, "இவ்வளவு குழி தோண்டியிருக்கீங்களே, எல்லாம் நீங்களேவா தோண்டினீங்க?" என்றார்.

"முதல் வருஷம் நானே தோண்டினேன் சார். ரெண்டாவது வருஷம் நாலு பேர் தோண்டினாங்க. நான் மேல நின்னு, இன்னும் ஆழமா, இன்னும் ஆழமான்னு சொன்னேன்."

"அப்போ நீங்க அன்னிக்கே பேராசிரியர் ஆயாச்சு!"

அறை அதிரச் சிரித்தது. சித்தி சிரிக்கவில்லை. அவள் முதல் வரிசையில் ஒரு முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் தோள்கள் குலுங்கின. மற்ற எல்லாத் தோள்களும் குலுங்கிய அதே நொடியில். அக்கா சுற்றிலும் பார்க்கவில்லை.

வால்யூம் சித்தியின் பக்கம் திரும்பி, சத்தமே இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்து, "வந்துடுச்சு" என்றார்.

தலைமை தாங்கிய பேராசிரியர் எழுந்து, "பார்வையாளர்கள் யாராவது கேட்க விரும்பினா..." என்று ஒப்புக்குச் சொல்லிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சிலர் பைகளை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். முதல் வரிசையில் ஒரு கை உயர்ந்தது.

அக்காவின் கை.

கேள்வி என்று ஒன்று அவளுக்குள் எழுவதற்கு முன்பே பேச்சு கடந்துபோய்விடும். அப்படியே பழகிப்போனவள் அவள். பொது இடத்தில் அவள் கை தூக்கி சித்தி பார்த்ததே இல்லை. யாரோ மைக்கைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அக்கா எழுந்து நின்றாள். தன் குரலின் அளவு தெரியாததால், தேவைக்கு மேல் உரக்க, தட்டையாகப் பேசினாள்.

"வேர் போற வழியிலதான் தண்ணி இறங்கும்னு சொன்னியே. அந்த வேர்..."

சட்டென்று நிறுத்தினாள். திரையில் அவள் சொன்னதும் எழுத்தாக வந்திருந்தது. வேர் போற வழியிலதான் தண்ணி இறங்கும்னு சொன்னியே. அந்த வேர். காய்ச்சலுக்குப் பிறகு தன் குரல் வெளியே போகிறது என்பதை அவள் நம்பிக்கையின் பேரில்தான் ஏற்றுக்கொண்டிருந்தாள். போய்ச் சேர்ந்ததை இதுவரை பார்த்ததில்லை.

"இது... நான் பேசினதா?" என்றாள்.

அதுவும் எழுத்தாக வந்தது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். மேடையில் மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆமாம்மா, நீதான். கேளு" என்றாள். இந்தத் தடவை மெதுவாக அல்ல, எல்லாரிடமும் பேசும் அதே வேகத்தில்.

அக்கா மைக்கை நேராகப் பிடித்துக்கொண்டாள். "அந்த வேர் செத்துப்போனா என்ன ஆகும்? வழி மூடிக்குமா?"

தேர்வாளர்கள் இருவரும் மகள் பக்கம் திரும்பினார்கள். அவர்களும் பதிலுக்காகக் காத்திருந்தார்கள்.

"உடனே மூடாதும்மா. வேர் மக்கிப்போனாலும் அந்த இடம் குழாய் மாதிரி ரொம்ப நாள் அப்படியே இருக்கும். அடுத்த மழைத்தண்ணி அதுலதான் முதல்ல இறங்கும்."

அக்கா ஒவ்வொரு சொல்லும் வந்து சேர வந்து சேரப் படித்தாள். தலையாட்டினாள். உட்காரப் போனவள், மறுபடி நிமிர்ந்தாள்.

"இன்னொண்ணு கேட்கலாமா?"

தலைமை தாங்கியவர் கைக்கடிகாரத்தின் மேல் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு, நாற்காலியில் அமர்ந்தார். "எத்தனை வேணும்னாலும் கேளுங்கம்மா" என்றார்.

எழுந்திருந்தவர்கள் பைகளைக் கீழே வைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார்கள்.